டெபியனுக்குப் புதியவர்கள்: வீட்டு வழக்கம் தெரியாமல் கை வைத்த கதைகள்

பூண்டுலோயா டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலை ஒன்றில் ஐசிடி படிப்பிக்கிறேன். பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஆறு கணினிகள் இருக்கின்றன. எல்லாம் விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது, 11ஐப் போடலாம் என்று பார்த்தால் ஆறில் ஒன்றுகூட ஏற்காது. சரி, இலவச லினக்ஸ் இயங்குதளமான டெபியன் போடுவோம் என்று அதன் 13ஆம் வெளியீட்டின் டிவிடி இமேஜை நடுச்சாமத்து டேட்டாவில் இரண்டு இரவாக இறக்கி, பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை போய் இரண்டு மெஷினுக்கு நிறுவினேன். நிறுவும்போதே தமிழில் கேள்வி கேட்டது. கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அழவைத்தது வேறு கதை. நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டுகிற சூடோவைப் போட்டால் உனக்கு அனுமதி இல்லை என்கிறது. பாஸ்வேர்ட் சரிதான், நானே வைத்தது. ஏதாவது மென்பொருள் போடப் போனால், டிஸ்க்கை நுழைத்துவிட்டு என்டரைத் தட்டு என்கிறது, எந்த டிஸ்க்கை? லிப்ரே ஆபிஸ் 25.2தான் வருகிறது, நெட்டில் அதைவிடப் புதியது இருக்கிறது. தேடினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டளை கொடுக்கிறார்கள். இந்த வீட்டுக்கென்று ஏதோ வழக்கம் இருக்கும்போலத் தெரிகிறது. தெரிந்தவர்கள் முதலிலிருந்து சொல்லித் தாருங்கள். மிச்ச நான்கு மெஷினுக்கும் அடுத்த சனிக்கிழமை போடவேண்டும்.

கவ்வாத்து (ஹட்டன்)

டீச்சர், நிறுவும்போது ரூட் (மெஷினின் முழு அதிகாரக் கணக்கு) பாஸ்வேர்ட் என்று ஒரு பக்கம் வந்திருக்கும், நல்ல பிள்ளையாக அதை நிரப்பியிருப்பீர்கள். அங்கேதான் விஷயம். அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டால், ரூட் கணக்கைப் பூட்டிவிட்டு, நீங்கள் உருவாக்கும் முதல் ஆளுக்கு சூடோ உரிமையைக் கொடுத்துவிடும். நிரப்பினால், சரி, இவருக்குத் தனியாக ரூட் வேண்டுமாம் என்று நினைத்துக்கொண்டு உங்களை சாதாரண ஆளாகவே விட்டுவிடும். அந்தப் பக்கத்திலேயே இது எழுதியும் இருக்கிறது. நாங்கள் யார் அதை வாசித்தோம்?

நானும் இதே குழியில் விழுந்தவன். அப்போது டெபியன் 9. சூடோ அடித்ததும் நீ பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் அறிக்கையிடப்படும் என்று வந்தது. யாருக்கு ரிப்போட் போகும் என்று அரை நாள் பயந்துகொண்டிருந்தேன். அது அந்த மெஷினின் ரூட்டுக்கே ஒரு மெயில், அவ்வளவுதான். வலயக் கல்வி அலுவலகத்துக்கெல்லாம் போகாது, பயப்படாதீர்கள்.

இப்போது சரிசெய்ய: டெர்மினலில் சூ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போடுங்கள். அந்தக் கோடு முக்கியம். கோடு இல்லாமல் வெறும் சூ போட்டாலும் ரூட் ஆகிவிடலாம், ஆனால் கட்டளைகளைத் தேடுகிற உங்கள் பழைய பாதையையே தூக்கிக்கொண்டு போவீர்கள், நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் கோப்புறைகள் அதில் இருக்காது. பிறகு ஆட்யூசர் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று முகத்தில் அடிக்கும். டெபியன் 10இலிருந்து இப்படித்தான், நெட்டில் கிடக்கும் பழைய குறிப்புகள் இந்த இடத்தில்தான் புது ஆட்களைக் கவிழ்க்கின்றன. கோட்டோடு போய், ஆட்யூசர், உங்கள் பெயர், சூடோ, மூன்றையும் அந்த வரிசையில் அடித்து என்டர். வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் வேலை செய்யவில்லையே என்று இங்கே வந்து எழுதினால் நான் பொறுப்பில்லை.

பனிப்பூ (தலவாக்கலை)

டிஸ்க் கேட்பது: டிவிடி இமேஜால் நிறுவினால் அதையே மென்பொருள் எடுக்கிற முதல் கடையாக எழுதிவைத்துக்கொள்ளும். ஈடிசி கோப்புறைக்குள் ஆப்ட் (மென்பொருள் நிறுவுகிற கருவியின் பெயர்), அதற்குள் சோர்ஸஸ் லிஸ்ட் என்று ஒரு கோப்பு. சிடிரொம் என்று தொடங்குகிற விஷயம் உள்ள வரியைப் பாருங்கள், அதன் தலையில் ஒரு ஹேஷ் (#) போடுங்கள். அழிக்காதீர்கள். இந்த வீட்டில் எதையும் அழிப்பதில்லை, ஹேஷ் போட்டுத் தூங்கவைப்பதுதான் மரியாதை, நாளைக்கு நெட் இல்லாத நேரத்தில் அதே வரி உதவும்.

நெட் வழியாக எடுக்கிற வரி இல்லையென்றால் நீங்களே சேர்க்கவேண்டும். அதில் டிரிக்ஸி என்று 13இன் பெயரைத்தான் எழுத வேண்டும், ஸ்டேபிள் என்று எழுதவேண்டாம். இரண்டும் இன்றைக்கு ஒன்றுதான். ஆனால் ஸ்டேபிள் என்பது நடப்பு வெளியீட்டின் நாற்காலி, டிரிக்ஸி என்பது அதில் இருக்கிற ஆள். என் தம்பியின் லெப்டொப்பில் ஸ்டேபிள் என்று இருந்தது. 2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி டெபியன் 13 வெளிவந்தது, 12 நாற்காலியை விட்டு இறங்கியது. அடுத்த நாள் தம்பி வழக்கம்போல அப்டேட் போட்டிருக்கிறான், பெயர் மாறிவிட்டது ஏற்றுக்கொள்கிறாயா என்று ஆப்ட் கேட்டிருக்கிறது, அவன் வாசிக்காமல் ஒய் தட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறான். பாதி 12, பாதி 13, நடுவில் டேட்டாவும் தீர்ந்துபோனது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரோடும் பேசவில்லை அவன்.

மஸ்கெலியா மழை

அக்கா இந்தப் பெயரெல்லாம் எங்கேயிருந்து வருது? 12க்கு புக்வேர்ம், 13க்கு டிரிக்ஸி...

பனிப்பூ (தலவாக்கலை)

டோய் ஸ்டோரி படத்துப் பொம்மைகள். 1996இல் வந்த 1.1க்கு பஸ் என்று வைத்தார்கள், அன்றிலிருந்து அப்படியே. எப்போதும் மாறாத ஒரு பெயர் சிட். படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடுகிற பக்கத்து வீட்டுப் பையன் அவன். டெபியனில் புதுப் பொதிகள் (மென்பொருள் மூட்டைகள்) முதலில் வந்து விழுகிற, எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடிய கிளைக்கு அவன் பெயர். யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கவ்வாத்து (ஹட்டன்)

டெபியன் என்ற பெயரே ஒரு காதல் கதைதான். டெப்ரா, இயன் இரண்டையும் ஒட்டியது. இயன் மர்டொக் 1993 ஓகஸ்ட் 16இல் ஆரம்பித்தார், டெப்ரா அப்போது அவருடைய காதலி. சரி, கதையை விடுவோம்.

லயம்12 (பதுளை)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். டீச்சர் ஒரு ஆள், ஆறு மெஷின், ஒரு சனிக்கிழமை. அவருக்கு எதற்கு ஹேஷ், கோடு, நாற்காலி எல்லாம்? லினக்ஸ் மிண்ட் போடச் சொல்லுங்கள். சூடோ தானாக வேலை செய்யும், டிஸ்க் கேட்காது, பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள். டெபியன்காரர்களுக்கு வழக்கம், முறை என்று பேசாமல் இருக்க முடியாது, கோயில் கமிட்டி மாதிரி. திருவிழா நடக்கிறதோ இல்லையோ, முதல் மரியாதை யாருக்கு என்பதில் சண்டை.

கவ்வாத்து (ஹட்டன்)

கோயில் கமிட்டி என்றது பொருத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். மிண்ட்டும் மோசமில்லை. கடைக்குப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்களுக்கு நானே போட்டுக் கொடுக்கிறேன். அதற்கு அடியில் உபுண்டு, உபுண்டுக்கு அடியில் டெபியன். நேரே டெபியன் மேல் நிற்கிற மிண்ட் ஒன்றும் இருக்கிறது.

ஆனால் பள்ளிக்கூடத்து லேப் வேறு மாதிரி. டீச்சர் நிறுவிவிட்டுப் போய்விடுவார், அதன்பின் நாற்பது பிள்ளைகள் தொடுவார்கள், நெட் எப்போதாவது ஹொட்ஸ்பொட்டில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. அங்கே வேண்டியது, முதலாம் தவணையில் படம் எடுத்து ஒட்டிய மெனு மூன்றாம் தவணையிலும் அதே இடத்தில் இருப்பது. லிப்ரே ஆபிஸ் 25.2 என்றால், 13 இருக்கும் வரைக்கும் 25.2தான். பழசு என்று அர்த்தமில்லை. அதன் பதிப்பு எண்ணின் வாலைப் பாருங்கள் டீச்சர், டெப்13யூ2 மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கும். 13ஆம் வெளியீட்டுக்காக இரண்டாம் தடவை தைத்துக் கொடுத்தது என்று அர்த்தம். புதுப் பதிப்பில் அடைத்த பாதுகாப்பு ஓட்டையை மட்டும் வெட்டியெடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டியிருக்கிறார்கள். பொத்தான் மாறாது, மெனு மாறாது, ஓட்டை மட்டும் மூடப்படும். பதிப்பு எண்ணின் தலையைப் பார்த்துவிட்டுப் பழசு பழசு என்பவர்கள் வாலைப் பார்ப்பதில்லை.

டெபியனின் வழக்கங்களில் முக்கால்வாசி இந்த ஒரு வாக்கைக் காப்பாற்றத்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அளவில் வெளியிடுகிறார்கள், அதற்கு முன் சில மாதம் புதிதாக எதையும் உள்ளே விடாமல் பழுது மட்டும் பார்க்கிறார்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் நின்றுகொண்டு கொழுந்தைக் காணோமே என்றால் எப்படி?

லயம்12 (பதுளை)

கவ்வாத்து என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கவ்வாத்திலேயே முடிக்கிறார். சரி, லேப் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். வீட்டுப் பாவனைக்கு இன்னும் மிண்ட்தான் சொல்வேன்.

மஸ்கெலியா மழை

நான் செய்த கூத்தையும் சொல்கிறேன், டீச்சருக்கு உதவும். வீடியோ வெட்ட கேடென்லைவ் புதுப் பதிப்பு வேண்டும் என்று ஒரு யூடியூப் பார்த்துவிட்டு, டெபியன் 12இன் சோர்ஸஸ் லிஸ்ட்டில் சிட் வரியைச் சேர்த்தேன். நிறுவு என்றதும் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. இவை புதிதாக வரும், இவை மேம்படும், இவை நீக்கப்படும். நீக்கப்படும் பக்கத்தில் நூற்றுச் சொச்சம் பெயர். எனக்கு வீடியோ எடிட்டர் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. ஒய். அரை மணி நேரம் கழித்து ரீஸ்டார்ட் பண்ணினால் கறுப்புத் திரை, நடுவில் சிமிட்டுகிற ஒரு கோடு. டெஸ்க்டொப்பையே கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கேடென்லைவை மட்டும் பத்திரமாக நிறுவியிருக்கிறது. அண்ணாவின் கல்யாண வீடியோ உள்ளே.

கவ்வாத்து (ஹட்டன்)

தம்பி, தராசு முள்ளைப் பார்க்காமல் கொழுந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. அந்தப் பட்டியலில் நீக்கப்படும் பகுதியை முதலில் வாசிப்பது டெபியனில் அரிச்சுவடி. 13இல் இருக்கும் ஆப்ட் 3 அதைச் சிவப்பு நிறத்திலேயே காட்டுகிறது, உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் செய்தார்கள்போல.

வேறு வெளியீட்டுப் பொதிகளை, உபுண்டுவுக்கென்று தனி ஆட்கள் வைத்திருக்கும் பிபிஏ கிடங்குகளை, யாரோ ஒரு தளத்திலிருந்து இறக்கிய டெப் கோப்புகளைக் கண்டபடி கலந்தால் வருகிற சடலத்துக்கு டெபியன் விக்கியிலேயே பெயர் இருக்கிறது, ஃபிராங்கன்டெபியன். காரணம் எளிது. சிட்டிலிருக்கும் ஒரு மென்பொருள் சிட்டிலிருக்கும் சி நூலகத்தின் மேல் கட்டப்பட்டது. அதைக் கூப்பிட்டால் நூலகமும் கூடவே வரும், நூலகம் மாறினால் அதோடு ஒத்துப்போகாத உன் பழைய சாமான்கள் வெளியே போகவேண்டும். ஆப்ட் கணக்கைச் சரியாகத்தான் போட்டது.

புதுப் பதிப்பு கட்டாயம் வேண்டுமென்றால் முறையான வாசல் பேக்போர்ட்ஸ். சிட்டில் இருப்பதை அல்ல, அடுத்த வெளியீடாகத் தயாராகிற டெஸ்டிங் கிளையில் இருப்பதை எடுத்து, உன்னுடைய வெளியீட்டின் நூலகங்களோடு மறுபடி கட்டித் தருவார்கள். வரியைச் சேர்த்தாலும் தானாக எதையும் எடுக்காது, இன்ன பொதியை அங்கிருந்து எடு என்று நீ பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுக்கும். எல்லாப் பொதியும் அங்கே கிடைக்காது. இல்லையென்றால் ஃபிளாட்பேக், அது தனி டப்பாவில் வரும், வீட்டுச் சாமான்களைத் தொடாது. டேட்டாவைத்தான் கொஞ்சம் தின்னும்.

பூண்டுலோயா டீச்சர்

சூடோ சரியாகிவிட்டது! கோடு போட மறந்து ஒரு தடவை, வெளியேறாமல் ஒரு தடவை, இரண்டையும் செய்துவிட்டுத்தான் சரியானது. கவ்வாத்து சேர் திட்டுவார் என்று இங்கே எழுதவில்லை.

புதுக் கேள்வி. ஏ.எல். பிள்ளைகளுக்கு பைதன் படிப்பிக்க வேண்டும். பைதன் நூலகங்களை இறக்குகிற பிப் போட்டால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிற சூழல் என்று நீளமாகத் திட்டுகிறது. கடைசியில் அதை மீறுவதற்கும் ஒரு வழி சொல்கிறது, ஆனால் அந்தத் தெரிவின் பெயரே பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ். பெயரைப் பார்த்ததும் கை வரவில்லை.

பனிப்பூ (தலவாக்கலை)

கை வராததுதான் நோக்கம் டீச்சர். டெபியன் 12இலிருந்து இப்படி. மெஷினின் சொந்த வேலைகள் சிலவும் அதே பைதனில்தான் ஓடுகின்றன, பிப் அதன் கீழிருந்து ஒரு கல்லை உருவினால் சுவர் உங்கள் தலையில். பிள்ளைகளுக்கு வேண்டிய நூலகம் பிரபலமானது என்றால் ஆப்ட்டிலேயே பைதன்3 என்று முன்னொட்டோடு இருக்கும், நம்பை, மேட்பிளொட்லிப் எல்லாம் அப்படி எடுக்கலாம். இல்லாவிட்டால் வென்வ். ஒவ்வொரு பிள்ளையும் தன் கோப்புறைக்குள் ஒரு சூழல் உருவாக்கி, அதற்குள் பிப்பை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் செய்யட்டும், உடைந்தால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி. பைதன்3-வென்வ் என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும், இதை மறந்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள்.

எங்கே எது யாருடையது என்பது தெரிந்தால் பாதித் தலைவலி போகும். யூஎஸ்ஆர் கோப்புறை தோட்டத்து மலை மாதிரி, ஆப்ட்டும் அதற்கு அடியில் வேலை செய்கிற டிபிகேஜியும்தான் அதில் நடும், பிடுங்கும். நீங்கள் அங்கே ஒரு செடி வைத்தால் அடுத்த அப்டேட்டில் வெட்டிவிட்டுப் போவார்கள், கேட்கவும் மாட்டார்கள். ஆனால் அதற்குள்ளேயே யூஎஸ்ஆர் லோக்கல் என்று ஒரு துண்டு இருக்கிறதே, அது லயத்துக்கு முன்னால் நாங்கள் போடுகிற காய்கறிப் பாத்தி. டெபியன் பொதி எதுவும் அங்கே கோப்பு வைக்கக்கூடாது என்பது அவர்களுடைய கொள்கை ஆவணத்திலேயே இருக்கிற விதி. அந்தப் பாத்திக்காவது எழுத்தில் உறுதி இருக்கிறது, எங்கள் வீட்டு 7 பேர்ச் காணிக்கு இன்னும் உறுதி கைக்கு வரவில்லை.

லயம்12 (பதுளை)

அந்தக் கடைசி வரிக்கு நூறு லைக்.

கவ்வாத்து (ஹட்டன்)

ஈடிசி பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இருவருக்கும் பொது. நீங்கள் ஒரு அமைப்புக் கோப்பை மாற்றியிருக்கிறீர்கள், அப்டேட்டில் அதே கோப்பின் புதுப் பிரதி வருகிறது, இப்போது டிபிகேஜி நின்று கேட்கும்: உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, எங்களுடையதைப் போடவா, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டவா? வெறும் என்டரைத் தட்டினால் உங்களுடையதுதான் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் இந்தக் கேள்வியைப் பார்த்துப் பதறுகிறார்கள், எனக்கென்றால் டெபியனிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். உங்கள் கை பட்ட ஒன்றை உங்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று எழுதிவைத்து, அதன்படி நடக்கிறார்கள்.

முடிந்தவரை பெரிய கோப்பில் கை வைக்காமல், பக்கத்தில் டொட் டி என்று முடிகிற கோப்புறை இருக்கிறதா பாருங்கள். அதற்குள் உங்கள் ஒரு வரியை மட்டும் ஒரு சின்னக் கோப்பாகப் போடுங்கள். அப்போது அந்தக் கேள்வியே வராது.

பூண்டுலோயா டீச்சர்

டேட்டா விஷயம்தான் இனிப் பயமாக இருக்கிறது. ஆறு மெஷினும் ஆளுக்கு முந்நூறு, நானூறு எம்பி அப்டேட் என்றால் என் போன் பேக்கேஜ் ஒரே நாளில் காலி.

பனிப்பூ (தலவாக்கலை)

ஆஹா, இதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். ஆறையும் இணைக்க ஒரு பழைய ஸ்விட்ச் இருக்கிறதா? இருந்தால் ஒரு மெஷினில் மட்டும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற பொதியை நிறுவுங்கள். டெபியனில் சேவை மென்பொருளை நிறுவினால் தானாகவே ஓடத் தொடங்கிவிடும், தனியாகக் கிளப்பத் தேவையில்லை (இதுவும் ஒரு வழக்கம், வேறு சில லினக்ஸ் வகைகளில் அப்படி இல்லை). அது 3142ஆம் போர்ட்டில் காத்திருக்கும். மற்ற ஐந்திலும், கவ்வாத்து அண்ணா சொன்ன டொட் டி கோப்புறை முறைப்படி, ஆப்ட் கொன்ஃப் டொட் டிக்குள் ஒரு சின்னக் கோப்பு, அதில் ப்ரொக்ஸி இன்ன முகவரியில் என்று ஒரே வரி. இனி முதல் மெஷின் ஹொட்ஸ்பொட்டில் ஒரு தடவை இறக்கினால் மிச்ச ஐந்தும் அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும். டேட்டா ஒரு மெஷினுக்கு உரியது மட்டும். எங்கள் ஊர் பிள்ளைகளின் டியூஷன் வகுப்பில் இப்படித்தான் வைத்துக் கொடுத்திருக்கிறேன். முதல் மெஷின் இறக்கும்போது ஆமை, மற்றவை குடுகுடுவென்று ஓடும்.

சோர்ஸஸ் லிஸ்ட்டில் முகவரி எச்டிடிபி என்று இருக்கும், எஸ் இருக்காது. பாதுகாப்பில்லையே என்று நீங்களாக எஸ் சேர்த்தால் இந்தச் சேமிப்பு வேலை செய்யாது. டெபியன் வழியை நம்பியிருக்கவில்லை, சரக்கில் இருக்கும் கையெழுத்தை நம்பியிருக்கிறது. பொதிப் பட்டியல் ரகசியச் சாவியால் கையொப்பமிடப்பட்டது, நடுவில் யாராவது மாற்றினால் ஆப்ட் ஏற்காது.

மஸ்கெலியா மழை

டீச்சர், அப்டேட் பாதியில் கரண்ட் போனால் பயப்படவேண்டாம். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் நாளுக்கு இரண்டு தடவை போகும், எனக்குப் பழகிவிட்டது. திரும்ப ஓன் பண்ணி, டெர்மினலில் சூடோ, டிபிகேஜி, இரண்டு கோடு கொன்ஃபிகர், ஒரு கோடு ஏ. விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பூண்டுலோயா டீச்சர்

நன்றி தம்பி, ஒட்டுகிறேன். தமிழ் தட்டச்சு பற்றி யாரும் சொல்லவில்லையே. அலுவலக வேலைக்கு ரெங்கநாதன் விசைப்பலகை வேண்டும். அதோடு பழைய வினாத்தாள் எல்லாம் பாமினியில் இருக்கிறது, திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது.

பனிப்பூ (தலவாக்கலை)

ஐபஸ்-எம்17என் பொதியைப் போடுங்கள், தமிழ்99, ரெங்கநாதன், ஒலிபெயர்ப்பு மூன்றும் அதில் இருக்கின்றன. பாமினி வேறு கதை. அது யுனிகோட் அல்ல, ஆங்கில எழுத்தின் மேல் தமிழ்ப் படத்தை ஒட்டிய எழுத்துரு. டெபியனில் அது கிடைக்காது, தேடவும் வேண்டாம். மெயின் என்ற பகுதிக்குள் வரவேண்டுமென்றால் யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமம் தெளிவாக எழுத்தில் இருக்கவேண்டும், 1997இல் எழுதிய சமூக ஒப்பந்தம் அப்படி. உங்களிடம் இருக்கும் பாமினி கோப்பை உங்கள் முகப்புக் கோப்புறைக்குள் டொட் லோக்கல், ஷேர், ஃபொன்ட்ஸ் என்று உருவாக்கி அதற்குள் போட்டால் வினாத்தாள் திறக்கும். பிறகு ஆறுதலாக யுனிகோடுக்கு மாற்றுங்கள்.

கவ்வாத்து (ஹட்டன்)

அந்த உரிமக் கண்டிப்பால் 2019இல் நான் பட்ட பாடு! டெபியன் 10 நிறுவியில் வைஃபை சிப்பை ஓடவைக்கிற உள் மென்பொருளான ஃபர்ம்வேர் கிடையாது, ஏனென்றால் அது சுதந்திர மென்பொருள் இல்லை. வைஃபை ஓட ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். டெஸ்க்டொப்பைச் சாக்கில் கட்டி முச்சக்கர வண்டியில் ஏற்றி, கேபிள் இருக்கிற நண்பன் கடைக்குக் கொண்டுபோனேன். 2022இல் அவர்களுக்குள் வாக்கெடுத்து, 12இலிருந்து ஃபர்ம்வேருக்குத் தனிப் பகுதி வைத்து நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். கொள்கையில் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் கோபப்படுகிறவர்கள் உண்டு. முச்சக்கர வண்டிக் கூலி கொடுத்தவன் என்ற முறையில் எனக்குக் கோபம் இல்லை.

இன்னொன்று, உங்கள் ஆறில் ஏதாவது 32 பிட் இருந்தால் 13 நிறுவ முடியாது. அதற்குக் கடைசி 12தான்.

மஸ்கெலியா மழை

தற்காலிகக் கோப்புகள் போகிற டெம்ப் கோப்புறையையும் சொல்லுங்க அண்ணே.

கவ்வாத்து (ஹட்டன்)

ஆமாம். 13இல் டெம்ப் என்பது ராமில் இருக்கிறது, டிஸ்க்கில் அல்ல. பிள்ளைகள் அங்கே எதையும் சேமிக்கவிடாதீர்கள். மெஷினை அணைத்தால் போச்சு.

பனிப்பூ (தலவாக்கலை)

பழுது ஏதாவது கண்டால் ரிப்போட்பக் என்ற கருவி இருக்கிறது, எல்லாம் மெயிலில். ஒரு தமிழ் எழுத்துருவில் ஸ்ரீ உடைந்து தெரிகிறது என்று நான் ஒரு தடவை எழுதினேன், பொதியைப் பராமரிக்கிறவர் மூன்றாம் நாள் பதில் போட்டார், சம்பளமில்லாமல் செய்கிற ஆள். ஒன்று மட்டும் கவனம். அங்கே எழுதுவது, உங்கள் மெயில் முகவரி உட்பட, எல்லோருக்கும் தெரியும்படி நின்றுவிடும். தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வந்தது என்று வரிசையாக எழுதினால் மதிப்பார்கள். ஒன்றும் வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதினால் மௌனம்தான்.

பூண்டுலோயா டீச்சர்

சனிக்கிழமை முடிந்தது. ஐந்து மெஷின் ஓடுகின்றன, ரூட் பாஸ்வேர்ட் பெட்டியை நான்கிலும் வெறுமையாக விட்டேன். கேச்சர் வேலை செய்கிறது, இரண்டாவது மெஷின் அப்டேட் ஓடிய வேகத்தைப் பார்த்து ஒரு பிள்ளை, டீச்சர் இது பொய்யாக ஓடுதா என்று கேட்டாள். நடுவில் ஒரு தடவை கரண்ட் போனது. சுவர்த் தாள் வேலைக்கு வந்தது, தம்பிக்கு நன்றி.

ஆறாவது மெஷின் இன்னும் டிஸ்க்கை நுழை என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். ஈடிசி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லி, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை முன்னால் உட்கார வைத்துவிட்டு, தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வரும்போது ஒருத்தி மற்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: அழிச்சிடாதடி, முன்னாடி ஒரு ஹேஷ் போடு.